ஜோர்ஜ் கீற்: கோட்டால் வாழ்ந்த கண்டி ஓவியர்

கண்டி நகருக்குத் தென்மேற்கே நீண்டு கிடக்கும் ஹந்தானை மலைத்தொடரில் ஏறி நின்று நகரின் பக்கம் திரும்பிப் பார்த்தால் வாவியும், அதன் வடகரையில் தலதா மாளிகையும், தென்கரைச் சரிவில் மல்வத்தை விகாரையும், அவற்றுக்கு அப்பால் மகாவலி கங்கை வளைந்தோடும் பள்ளத்தாக்கும் தெரியும். நவீன இலங்கை ஓவியத்தின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கீற் பிறந்ததும், படித்ததும், ஓவியராக உருவானதும் இந்த ஒரே பார்வைக்குள் அடங்கும் நிலப்பரப்பில்தான். ஹந்தானைத் தோட்டப் பாடசாலைகளிலும் கண்டி நகரப் பாடசாலைகளிலும் சித்திரம் கற்கும் மாணவர்களுக்கு இவர் அயலவர் என்றே கூறலாம்.

சித்திரப் பாடப் பரீட்சையில் ஜோர்ஜ் கீற் பற்றிய வினா அடிக்கடி இடம்பெறுவதுண்டு. மாணவர் பலரும் கியூபிச பாணியைப் பின்பற்றினார், பிக்காசோவின் செல்வாக்குக்கு உட்பட்டார், கோதமி விகாரை ஓவியங்களை வரைந்தார் என மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். இம்மூன்றும் பிழையல்ல. ஆயினும் அவரது ஓவியம் ஒன்றைக் கண்டவுடன் இது கீற்றின் படம் என நாம் இனங்கண்டு கொள்வது எதனால் என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை. அந்த விடை அவரது கோட்டில் உள்ளது. எனவே இக்கட்டுரையில் அவரது வாழ்க்கையைக் கூறும்போது அந்தக் கோடு எங்கிருந்து வந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதையே முதன்மையாகக் கவனிப்போம்.

பிறப்பும் கல்வியும்

ஜோர்ஜ் கீற் 1901 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆந் திகதி கண்டியில் பிறந்தார். இவரது குடும்பம் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தது. வீட்டில் ஆங்கிலமே பேசப்பட்டது, சமயம் கிறிஸ்தவம். ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் அச்சமூகத்துப் பிள்ளைகளுக்கு அரச சேவையிலும் சட்டத்துறையிலும் மருத்துவத்துறையிலும் பாதைகள் திறந்திருந்தன. கண்டி திரித்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட சிறுவன் ஜோர்ஜும் அப்பாதையில் ஒன்றில் செல்வான் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர்.

ஆனால் அவர் வகுப்பறைப் படிப்பில் சிறந்து விளங்கவில்லை. நூல்களை வாசிப்பதிலும் படம் வரைவதிலும் காட்டிய ஆர்வத்தைப் பாடங்களில் காட்டவில்லை. உயர் சான்றிதழ் எதுவும் பெறாமலே பாடசாலையை விட்டு வெளியேறினார். (பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்கான கைந்நூலில் இதனை எழுதுவது சற்றுச் சங்கடமே, ஆயினும் உண்மையை மறைக்க முடியாது. அவர் படிப்பை நிறுத்தினார், வாசிப்பை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்க.)

அவர் வாழ்ந்த சூழலில் மல்வத்தை விகாரை இருந்தது. விகாரைக்குச் சென்று பிக்குமாருடன் உரையாடுவதும், பௌத்த தத்துவத்தையும் பாளி, சிங்கள மொழிகளையும் அறிந்துகொள்வதும் அவரது இளமைக் காலத்தின் பெரும்பகுதியாயின. பின்னவல தீரானந்த தேரர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். பௌத்த சஞ்சிகைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலம் பேசும் பறங்கியர் வீட்டு இளைஞர் ஒருவர் வாவிக் கரை விகாரையில் காலம் கழிப்பது அன்றைய கண்டியில் வியப்புக்குரிய செயலாகும். உத்தியோகத்தையும் சமூக மதிப்பையும் ஒருபுறம் தள்ளிவிட்டு, தம் வீட்டார் ஏறெடுத்தும் பாராத ஒரு பண்பாட்டினுள் அவர் நுழைந்தார். அதற்கான விலையையும் பின்னாளில் கொடுத்தார்.

விகாரைச் சுவர்களின் கோடு

கண்டி இராச்சியத்தின் விகாரை ஓவிய மரபு கீற்றுக்கு முதற் பாடசாலை எனலாம். கண்டிக்கு வடகிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால் அமைந்துள்ள தெகல்தொருவைக் குகை விகாரை அம்மரபின் உச்சமாகும். இது 18 ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் (1747 – 1782) காலத்தில் உருவானது. தெவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே அங்கு ஓவியம் தீட்டியவர்களுள் முதன்மையானவராகக் குறிப்பிடப்படுகின்றார். செந்நிறப் பின்னணி, வரிசை வரிசையாகத் தொடரும் கதைக் காட்சிகள், தூர நோக்கு இன்மை, ஒளி நிழல் இன்மை, வெற்றிடங்களை நிரப்பும் பூக்கள் ஆகியன இம்மரபின் இயல்புகளாக உங்கள் பாடநூலில் தரப்பட்டுள்ளன. இவையனைத்தையும் தாங்கி நிற்பது உருவங்களைச் சுற்றி ஓடும் தெளிவான எல்லைக் கோடாகும்.

தெகல்தொருவையில் வெஸ்ஸந்தர ஜாதகக் கதை வரையப்பட்டுள்ளது. கேட்பதையெல்லாம் தானமாகக் கொடுக்கும் இளவரசன் வெஸ்ஸந்தரன், தன் பிள்ளைகளான ஜாலியனையும் கிருஷ்ணஜினாவையும் ஜூஜகன் என்னும் பிராமணனுக்குக் கொடுத்துவிடும் கதை இது. பிள்ளைகள் இருவரும் பயந்து தாமரைக் குளத்தில் ஒளிந்து கொள்வதும், தந்தை அழைத்ததும் வெளியே வருவதும், கொடியால் கட்டி இழுத்துச் செல்லப்படுவதும் கேட்போரைக் கலங்கச் செய்பவை. கண்டி மரபு ஓவியன் இக்கதையை வரையும்போது கண்ணீரைக் காட்ட முகத்தில் நிழல் தீட்டுவதில்லை. அம்மரபில் பிள்ளையின் உருவமும் பெரியவரின் உருவமும் ஒரே முறையிலேயே வரையப்படும். பிள்ளை அளவில் சிறியது, அவ்வளவே. அச்சமும் துயரமும் தலை சாயும் கோணத்திலும், கை நீளும் திசையிலும், முதுகின் வளைவிலும் உணர்த்தப்பட வேண்டும். அதாவது எல்லாவற்றையும் கோடே செய்ய வேண்டும்.

இந்தச் சுவர்களைக் கலையென மதித்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர்களுள் முன்னோடியாக நிற்பவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877 இல் கொழும்பில் பிறந்த இவர், கண்டிப் பகுதிக் கைவினைகளையும் ஓவியங்களையும் நேரில் ஆராய்ந்து 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூல் வெளிவந்தபோது கீற் 7 வயதுச் சிறுவன்.

ஓவியராதல்

கீற் தீவிரமாக வண்ணம் தீட்டத் தொடங்கியது 1927 இல், தமது 26 ஆம் வயதில். கலைக் கல்லூரி எதிலும் அவர் முறையாகப் பயிலவில்லை. அக்காலத்தில் இலங்கையில் ஓவியம் என்றால் ஆங்கிலக் கல்விக்கூட முறையில், ஒளி நிழலுடன், இயற்கையை உள்ளவாறே பார்த்து வரைவதுதான். அதனை மாற்ற விரும்பியவர்களுள் ஒருவர் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக 1920களில் பணியாற்றிய சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர். மற்றவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட் (1900 – 1944). சட்டம் படித்த வெண்ட் பியானோக் கலைஞராகவும் புகைப்படக் கலைஞராகவும் புகழ் பெற்றார்; கீற்றின் ஓவியங்களை வாங்கினார், காட்சிப்படுத்தினார், எழுதினார், பிறரிடம் வாதாடினார். கீற்றின் வளர்ச்சிக்கு இவரளவு துணை நின்றவர் வேறு எவரும் இலர்.

செசான், மாத்தீஸ், பிக்காசோ ஆகியோரின் படைப்புகளை நூல்களிலும் சஞ்சிகைகளிலும் வந்த அச்சுப் பிரதிகள் மூலமே கண்டியிலிருந்த கீற் அறிந்துகொண்டார். அச்சுப் பிரதியில் வண்ணம் மங்கும், அளவு சுருங்கும். கோடு மட்டும் பெரும்பாலும் அப்படியே வந்து சேரும். கீற் ஐரோப்பாவிலிருந்து முதலில் கோட்டையே எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெருடா அக்காலத்தில் தமது நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்பில் வாழ்ந்தார். வெண்டின் நண்பராகிய அவர் கீற்றின் ஓவியங்களைப் பாராட்டி எழுதினார். உள்ளூர்ப் பார்வையாளர் பலர் முகம் சுளித்த படங்களை, பின்னாளில் (1971) நோபல் பரிசு பெறவிருந்த கவிஞர் ஒருவர் உடனே விளங்கிக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

கீறுதல்: தகட்டிலும் தாளிலும்

இவ்விடத்தில் வாழ்க்கைக் கதையைச் சற்று நிறுத்திக் கோட்டைப் பற்றிப் பேசுவோம். இலங்கைத் தமிழில் படம் வரைதலைப் படம் கீறுதல் என்கிறோம். கூரிய பொருளால் ஒரு பரப்பைக் கிழித்துச் செல்லுதலும் கீறுதல்தான். (நமது ஓவியரின் பெயரைத் தமிழில் எழுதும்போது கீற்று என்ற சொல் நினைவுக்கு வருவது தற்செயலே, பரீட்சையில் இதனை எழுத வேண்டாம்.) கீறுதலின் இவ்விரு பொருளும் ஒன்றுசேரும் கலை ஒன்று உண்டு. அதுவே அச்சுப்பதிவுப் பகுதியில் நீங்கள் கற்கும் எட்சிங் எனப்படும் அமில அரிப்பு அச்சாகும்.

செப்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மீது மெழுகுப் பூச்சு ஒன்று இடப்படும். ஓவியர் ஊசியால் அப்பூச்சைக் கீறிப் படம் வரைவார். பின்னர் தகடு நைத்திரிக்கமிலம் போன்ற அமிலத்தில் இடப்படும். பூச்சு அகன்ற இடங்களை மட்டும் அமிலம் அரித்துக் குழியாக்கும். கூடுதல் நேரம் அமிலத்தில் கிடந்த கோடு ஆழமாகவும் கருமையாகவும், குறைந்த நேரம் கிடந்தது மெல்லியதாகவும் அமையும். பூச்சை நீக்கி, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால் குழிகளில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைப் பொறியில் அழுத்தினால், கோடுகள் இடம் வலம் மாறித் தாளில் பதியும்.

இம்முறையில் ஊசி மெழுகின் மீது எளிதாக வழுக்கிச் செல்வதால் கை போகும் வேகம், தயக்கம், நடுக்கம் யாவும் கோட்டில் பதிந்துவிடும். பிழையைத் திருத்துவதும் எளிதன்று. பிக்காசோ 1930 முதல் 1937 வரை வொலார்ட் தொகுதி எனப்படும் 100 அச்சுப் படங்களை உருவாக்கினார். 1934 இல் அமைந்த சில படங்களில், கண்ணிழந்த எருதுமுக மனிதனைச் சிறுமி ஒருத்தி வழிநடத்திச் செல்கின்றாள். எருதுமுகனின் பேருடலில் கோடுகள் நெருங்கி, பின்னி, கருமையாகத் திரண்டிருக்கின்றன. சிறுமியின் முகத்திலோ நெற்றியிலிருந்து நாடி வரை ஓரிரு மெல்லிய கோடுகளே உள்ளன. மீதி வெறும் தாள். அந்த வெறுமையே அவளது பிஞ்சுத் தன்மையையும் அமைதியையும் நமக்கு உணர்த்துகின்றது. பிள்ளையின் முகத்தில் சுருக்கம் இல்லை, எலும்பு துருத்துவதில்லை. கோடு கூடினால் வயது கூடிவிடும். எனவே பிள்ளையை வரைபவர் எதை வரையாமல் விடுவது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கீற் அமில அரிப்பு அச்சுக்காக அறியப்பட்டவர் அல்லர். தைலவர்ணம், பேனை, பென்சில், தூரிகை ஆகியவையே அவரது சாதனங்கள். ஆயினும் தகட்டில் ஊசி செல்வதைப் போலவே அவரது பேனையும் ஒரே மூச்சில் செல்லும். நெற்றியில் தொடங்கும் கோடு மூக்கு, உதடு, நாடி வழியே இறங்கிக் கழுத்தைக் கடந்து தோளில் முடியும். அதே முகத்தில் பக்கத் தோற்றமும் முன் தோற்றமும் ஒருங்கே தெரியும். இது கியூபிசத்தின் வழி. ஆனால் நீண்ட கண்ணும், வளைந்த புருவமும், முறியாது ஓடும் எல்லைக் கோடும் கண்டிச் சுவர்களின் வழி. கியூபிசக் கோடு உருவத்தைத் துண்டாக்கும். கண்டிக் கோடு உருவத்தைத் தழுவும். இவ்விரண்டையும் ஒரே முகத்தில் சண்டையின்றி இருத்தியமையே கீற்றின் சாதனை. பிக்காசோவைப் பிரதி செய்தார் என எழுதும் மாணவர் இவ்விரண்டாவது பாதியைக் காணத் தவறுகின்றார்.

துறந்தவையும் பெற்றவையும்

1930 இல் கீற் தமது சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை மணந்தார். ஆனால் அவ்வாழ்க்கை நிலைக்கவில்லை. பின்னர் கண்டிச் சிங்களக் கிராமத்துப் பெண்ணான பிலவல மெனிக்கேயுடன் கிராமத்தில் வாழச் சென்றார். இதனால் உறவினரும் நகர மாந்தரும் அவரிடமிருந்து விலகினர். நிரந்தர வருமானம் இல்லை. ஓவியம் வாங்குவோர் சிலரே. முதற் குடும்பம் பட்ட துன்பத்தைக் கலைஞனின் சுதந்திரம் என்ற பெயரால் நாம் மறந்துவிடக் கூடாது. ஆயினும் வயலும் குடிசையும் நீர் சுமக்கும் பெண்களும் அவரது ஓவியங்களுள் நுழைந்தது இவ்வாழ்க்கையினால்தான். ஹந்தானைச் சரிவுகளைப் போன்ற மலைகளையும் வயல்களையும் சுற்றுலாப் பயணியின் பார்வையில் அழகுக் காட்சியாக வரைந்தவர் பலர். கீற் அங்கு வாழும் மனித உருவத்தையே மலையைப் போல் பெரிதாக, தாளின் விளிம்பு வரை நிரப்பி வரைந்தார்.

இதே காலத்தில் அவர் கவிதையும் எழுதினார். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் மூன்று ஆங்கிலக் கவிதைத் தொகுதிகள் வெளிவந்தன.

கோதமி விகாரை

கீற்றின் கோடு பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது 1939 – 1940 காலப்பகுதியில், கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையில். அவரது சகோதரியின் கணவரும் கலைப் புரவலருமான ஹரல்ட் பீரிஸ் இப்பணியை ஏற்பாடு செய்தார். புத்தரின் வாழ்க்கைச் சம்பவங்களை விகாரையின் சுவர்களில் வரையும் பொறுப்பு கீற்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதன் துணிவை விளங்கிக்கொள்ள அன்றைய சூழலை அறிதல் வேண்டும். அக்காலத்தில் பௌத்த வீடுகளிலும் விகாரைகளிலும் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவை சார்லிஸ் மாஸ்டர் வரைந்த புத்த சரிதக் காட்சிகளாகும். அவை கல்லச்சில் பல வண்ணங்களில் அச்சிடப்பட்டு வீடு வீடாகச் சென்றிருந்தன. அவற்றில் மாளிகைகள் தூர நோக்குடன் பின்வாங்கும், திரைச்சீலைகள் பளபளக்கும், குழந்தையின் கன்னம் ஒளி நிழலால் உப்பி நிற்கும். மக்கள் அப்படங்களை விரும்பினர். அதில் தவறேதும் இல்லை. நமது பூசையறைகளில் தொங்கும் தெய்வப் படங்களும் அவ்வழி வந்தவையே.

கோதமி விகாரைச் சுவரில் கீற் இவை யாவற்றையும் நீக்கினார். சித்தார்த்தரின் பிறப்பு முதற்கொண்டு வரும் காட்சிகளில் கோடே தலைமை தாங்குகின்றது; வண்ணம் அதற்கு அடங்கி நிற்கின்றது. உருவங்கள் மனித அளவை விஞ்சியவை. பிறப்புக் காட்சியை மரபு ஓவியன் மாயாதேவி சால மரக்கிளையைப் பற்றி நிற்பதாக வரைவான். அரசி, தோழியர், தேவர், குழந்தை எனப் பலர் கூடும் காட்சி அது. நிழல் தீட்டும் ஓவியருக்குக் குழந்தையைக் கவனத்துக்குக் கொண்டுவருவது எளிது, அதன் மீது ஒளியைப் பாய்ச்சினால் போதும். கோட்டை மட்டும் நம்பியவருக்கு அந்த வசதி கிடையாது. சூழ நிற்கும் பெரியவர்களின் தோள், கை, ஆடை மடிப்பு ஆகியவற்றின் வளைவுகளே பார்வையை வழிநடத்த வேண்டும். மாரனின் போர்க் காட்சியில் இதற்கு மாறாகக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நெருக்கமாகப் பொங்குகின்றன. அவற்றின் நடுவே புத்தரின் உருவம் அசையாதிருக்கின்றது. ஒரே விகாரையில், ஒரே கையால், கோடு தாலாட்டாகவும் போராகவும் மாறுவதை நேரில் சென்று பார்ப்பது பாடநூற் படத்தைப் பார்ப்பதிலும் பன்மடங்கு பயன்தரும். கொழும்புக்குச் சுற்றுலா செல்லும் பாடசாலைகள் மிருகக்காட்சிச்சாலையுடன் திரும்பிவிடாமல் பொரளைக்கும் ஒருமுறை செல்லலாம்.

கீதகோவிந்தமும் 43 குழுவும்

கோதமி விகாரைப் பணிக்குப் பின் கீற்றின் கவனம் இந்து புராண இலக்கியங்களின் பக்கம் திரும்பியது. ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதற்குத் தாமே கோட்டுச் சித்திரங்களும் வரைந்தார். 1947 இல் பம்பாயிலும் ஒரு பதிப்பு வெளிவந்தது. வண்ணமே இல்லாத இச்சித்திரங்களில் இராதையும் கண்ணனும் ஒருவர் எங்கு முடிந்து மற்றவர் எங்கு தொடங்குகின்றனர் எனப் பிரித்தறிய முடியாதவாறு ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்வதைக் காணலாம். கீற்றின் கோட்டை ஆராய விரும்பும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே. எண்ணெய் வண்ண ஓவியங்களில் நம் கண்ணை நிறம் இழுத்துவிடும். இங்கு அதற்கு இடமில்லை.

1943 ஆகஸ்ட் 29 ஆந் திகதி லயனல் வெண்டின் கொழும்பு இல்லத்தில் கூடிய ஓவியர்கள் 43 குழுவைத் தோற்றுவித்தனர். ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரே கொலெட், மஞ்சுஸ்ரீ தேரர் முதலியோர் கீற்றுடன் இக்குழுவில் இடம்பெற்றனர். முதற் கண்காட்சி அதே ஆண்டு நவம்பரில் நடைபெற்றது. கல்விக்கூட முறையை விட்டு விலகுதல் என்பதைத் தவிர இவர்களுக்குப் பொதுப் பாணி எதுவும் இருக்கவில்லை. தெரணியகலவின் உருவங்கள் தடித்த வண்ணத்தில் கரையும். ஐவன் பீரிஸின் கடற்கரைகள் மௌனம் காக்கும். மஞ்சுஸ்ரீ தேரர் விகாரை ஓவியங்களைப் பிரதி செய்து காத்தவர். கீற்றின் இடம் கோடு. குழு தோன்றி ஓராண்டு கடந்த நிலையில், 1944 டிசம்பரில் லயனல் வெண்ட் காலமானார். தம்மை முதலில் நம்பியவரைக் கீற் இழந்தார்.

பிற்காலம்

1940களின் பிற்பகுதியில் கீற் இந்தியாவில் சில ஆண்டுகள் தங்கினார். பம்பாயில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. முல்க் ராஜ் ஆனந்த் போன்ற எழுத்தாளர்கள் அவரை வரவேற்றனர். மார்ட்டின் ரசல் எழுதிய கீற் பற்றிய நூல் 1950 இல் பம்பாயில் வெளியிடப்பட்டது. 1954 இல் லண்டனில் அவரது ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. இந்தியாவில் வாழ்ந்த காலத்தில் அவர் கண்ட கோயிற் சிற்பங்கள் அவரது பெண்ணுருவங்களுக்குக் கனத்தையும் உருட்சியையும் அளித்தன. நாயிகா ஓவியங்களும், பீமனும் ஜராசந்தனும் போன்ற மல்யுத்தக் காட்சியும் அவரது வல்லமைக்குச் சான்றாகும். பீமன் ஓவியத்தில் இரு உடல்களும் முறுக்கிக் கொள்ளும் விதத்தைப் பாருங்கள். கீதகோவிந்தச் சித்திரங்களில் தழுவலாக இருந்த அதே கோடு இங்கு பிடியாக இறுகியுள்ளது.

எழுபதாண்டுக்கு அண்மித்த உழைப்பில் எல்லாப் படங்களும் ஒரே தரத்தில் அமைய முடியாது. பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் அக்கோடு பழக்கத்தால் ஓடுகின்றது என்றே தோன்றுகின்றது. அகன்ற கண், மலர் சூடிய கூந்தல், வளைந்த கை என ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகின்றது. வாங்குவோர் அதனையே கேட்டனர் போலும். 1930, 1940களின் படங்களில் காணப்படும் இழுபறி இவற்றில் குறைவு. விமர்சன வினாவுக்கு விடையளிக்கும்போது இத்தகைய குறையையும் காரணத்துடன் எழுதலாம். புகழ்ந்தால் மட்டுமே புள்ளி கிடைக்கும் என எண்ண வேண்டாம்.

முதுமையிலும் அவர் வரைவதை விடவில்லை. 1988 இல் அவரது பெயரால் ஜோர்ஜ் கீற் மன்றம் அமைக்கப்பட்டது. 1993 ஜூலை 31 ஆந் திகதி, தமது 92 ஆம் வயதில் அவர் காலமானார்.

செய்முறையும் வினாவும்

உங்கள் வீட்டிலுள்ள தம்பி அல்லது தங்கையைப் பக்கத் தோற்றத்தில் அமரச் செய்க. கறுப்புப் பேனை ஒன்றை எடுத்து, நெற்றியிலிருந்து நாடி வரை பேனையைத் தூக்காமல் ஒரே கோட்டில் வரைக. அழிறப்பர் பாவிக்கலாகாது, நிழல் தீட்டலாகாது. பத்துத் தாள்களில் பத்து முறை வரைந்த பின் அவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிள்ளை எந்தத் தாளில் பெரியவராகிவிட்டது, எந்தத் தாளில் பிள்ளையாகவே இருக்கின்றது என்பதைக் குறித்து, அவ்வேறுபாட்டை ஏற்படுத்திய கோடு எதுவெனக் கண்டறிக. பிள்ளை அதுவரை அசையாமல் இருக்குமா என்பது வேறு விடயம்.

பின்னர் பின்வரும் வினாவுக்கு 200 சொற்களுக்கு மேற்படாமல் விடை எழுதுக: தெகல்தொருவை விகாரை ஓவிய மரபின் எல்லைக் கோடும் கியூபிச பாணியும் ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களில் இணையும் விதத்தை, கோதமி விகாரை ஓவியங்களையும் கீதகோவிந்தக் கோட்டுச் சித்திரங்களையும் ஆதாரமாகக் கொண்டு விளக்குக.